நடை சாத்திய பிறகு எங்கே போவது? வேலூர் கத்திரி வெயிலில் ஐந்து லைன் வீடுகளுக்குக் குளிர்ந்த இடம் தேடிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலூர் மாநகரில் மலையடிவாரத்தை ஒட்டிய தெரு ஒன்றில், பக்கச் சுவர்களைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் ஐந்து லைன் வீடுகள். ஒவ்வொன்றும் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரே அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வாசல் மேற்குப் பார்த்தது, பின்சுவரில் ஜன்னல் கிடையாது. முன்பக்கம் வீட்டுக்காரர் குடியிருக்கும் ஒரு மாடி கொண்ட கான்கிரீட் வீடு. ஐந்து குடித்தனத்துக்கும் பொதுவாக இரண்டு கழிப்பறைகள்.

இந்த ஆய்வின் மையத்தில் இருப்பது மூன்றாவது வீடு. 68 வயது மூதாட்டி (தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆயா), கட்டட வேலைக்குப் போகும் மகன், வீட்டிலேயே பீடி சுற்றும் மருமகள், நான்கு வயதுப் பேத்தி. ஆயாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. அதற்குத் தினமும் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று, சிறுநீரைக் கூடுதலாகப் பிரியவைக்கும் வகை.

வேலூர் வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சித்திரை பிறந்ததும் நாளிதழ்களில் 'சதம் அடித்த ஊர்கள்' பட்டியலில் இந்த ஊர் இல்லாத நாள் அபூர்வம். கடல் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால் கடற்காற்று இங்கே வந்து சேர்வதில்லை, வந்தாலும் சூடு ஏறிய பிறகே வருகிறது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். ஊரைச் சுற்றிய மலைகளில் மரத்தைவிடப் பாறை அதிகம். பகலெல்லாம் வெயில் குடித்த பாறை இரவில் அந்தச் சூட்டைத் திருப்பித் தருவதால், அடிவாரத் தெருக்களில் ராத்திரி ஒன்பது மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும்.

தொடங்கிய இடம்

ஏப்ரல் கடைசி வாரம், மாலை நான்கரை மணி. ஆயா எழுந்து நின்றவர் தலைசுற்றி அப்படியே சுவரோரம் சரிந்தார். நினைவு தப்பவில்லை. உடம்பெல்லாம் வியர்வை, தலைவலி, குமட்டல். தெருவிலேயே குடியிருக்கும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரியும் செவிலியர் ஓடிவந்து பார்த்தபோது உடல் சூடு 100.6 டிகிரி ஃபாரன்ஹீட். ரத்த அழுத்தம் வழக்கத்தைவிட நன்றாக இறங்கியிருந்தது.

இது வெப்பத் தளர்ச்சி, வெப்பத் தாக்கு அல்ல என்று அவர் பிரித்துப் பார்த்ததற்குக் காரணங்கள் இருந்தன. பேச்சு தெளிவாக இருந்தது, கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வந்தது, உடல் சூடு 104-ஐ நெருங்கவில்லை. 104-ஐத் தொட்டு, கூடவே பேச்சு குழறுகிறது, ஆள் அடையாளம் தெரியவில்லை, வலிப்பு வருகிறது என்றால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. அப்போது 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வியர்வை நின்றால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வெப்பத் தாக்கு வரலாம், குறிப்பாக வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு.

ஆயாவை வீட்டுக்காரரின் கீழ்த்தளத் தரையில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி போட்டு, ஓ.ஆர்.எஸ். கரைசலை மிடறு மிடறாகக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் மருத்துவர் பார்த்து மாத்திரையின் அளவை மாற்றினார். வெயில் காலத்தில் இந்த வகை மாத்திரையை மருத்துவரிடம் ஒருமுறை மறுபடி கேட்டுக்கொள்வது அவசியம். தானாக நிறுத்துவது வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் வழி காட்டியது: "குடிச்சா போகணும்ல? ரெண்டு கக்கூஸு, அஞ்சு வூட்டு ஜனம். மத்தியானத்துல வரிசையில எவ நிப்பா?" ஆக, ஆயாவுக்குத் தாகம் இருந்தது, தண்ணீரும் இருந்தது. குடிக்காமல் இருந்தது அவராகவே எடுத்த முடிவு. குளிர்ந்த இடம் என்று எதைத் தேடினாலும் அங்கே கழிப்பறை இல்லையென்றால் பயனில்லை என்பது முதல் நாளே தெளிவாயிற்று.

வீட்டுக்குள் அளந்தது

செவிலியர், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், மகளிர் சுய உதவிக் குழுவின் பொறுப்பாளர், ஓர் ஆட்டோ ஓட்டுநர் என்று நான்கு பேர் சேர்ந்தார்கள். கடையில் கிடைக்கும் சாதாரணச் சுவர் வெப்பமானிகள் மூன்று வாங்கி, ஒரே அறையில் ஒரு இரவு ஒன்றாக வைத்து மூன்றும் ஒரே அளவு காட்டுகின்றனவா என்று முதலில் சரிபார்த்தார்கள். பிறகு ஒன்றை ஆயாவின் அறையில், ஒன்றை வீட்டுக்காரரின் மாடி அறையில், ஒன்றைக் கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் உள்ள நடையில் வைத்தார்கள். உட்காருபவரின் நெஞ்சு உயரத்தில், சுவரைத் தொடாமல், மின்விசிறிக் காற்று படாமல் தொங்கவிட்டு, பத்து நிமிடம் கழித்துத்தான் படித்தார்கள். சுவரில் ஆணி அடித்து மாட்டினால் அது காற்றின் சூட்டை விட்டுச் சுவரின் சூட்டைக் காட்டிவிடும்.

பகல் இரண்டு மணிக்கு ஷீட் அறை 42 டிகிரி செல்சியஸ், மாடி அறை 37, மாடிப்படி நடை 34. இது எதிர்பார்த்ததுதான். இரவு ஒன்பது மணிக் கணக்குதான் எல்லோரையும் யோசிக்கவைத்தது: ஷீட் அறை 34-க்கு இறங்கியிருந்தது, மாடி அறை இன்னும் 37-லேயே நின்றது.

காரணம் எளிது. ஷீட் மெலிதானது. வெயில் பட்டதும் உடனே சுடும், வெயில் போனதும் சீக்கிரம் ஆறும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் கீழே இறக்கத் தொடங்கும். மாடிப்படி நடைக்கு மேலே இன்னொரு தளம் இருப்பதால் வெயில் அதைத் தொடுவதே இல்லை. ஆகவே ஷீட் வீடு பகல் 11 முதல் மாலை 6 வரை ஆபத்து, இரவு பரவாயில்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் நிலைமை தலைகீழ். 'மாடி வீட்டுக்காரர்களுக்கு என்ன, சுகவாசிகள்' என்பது பகலுக்கு மட்டுமே பொருந்தும் பேச்சு. ராத்திரி முழுக்கப் புழுங்கியவர்கள் அவர்கள்தான்.

மின்விசிறி விஷயத்தில் இரண்டு சிக்கல்கள். அறைக் காற்று 40 டிகிரிக்கு மேல் போய்விட்டால் மின்விசிறி உடம்பைக் குளிரவைக்காது, சூட்டைத்தான் ஏற்றும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உலர்ந்த தோல்மீது சூடான காற்று அடிப்பது அடுப்பு வாயில் உட்காருவதுதான். இரண்டாவது, மருமகளின் வேலை. மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் புகையிலைத் தூளும். விசிறியைப் போட்டால் தூள் பறக்கும், நனைத்து வைத்த இலை காய்ந்து சுற்றும்போது கிழியும். ஆகவே அவர் வேலை செய்யும் நேரமெல்லாம் விசிறி நிறுத்தியே இருந்தது. அதே அறையில்தான் ஆயாவும் பேத்தியும் இருந்தார்கள். இதை வெளியிலிருந்து வந்து பார்த்த யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் பகலில் முழு நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகே பிடிபட்டது.

இடங்களைப் பார்த்தது

பார்த்த எல்லா இடங்களையும் பகல் ஒன்றிலிருந்து மூன்றுக்குள்தான் பார்த்தார்கள். காலை எட்டு மணிக்குப் போனால் வேலூரில் எந்த இடமும் நன்றாகத்தான் இருக்கும். ஒவ்வோர் இடத்திலும் கேட்ட கேள்விகள் ஒன்றே: பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை திறந்திருக்கிறதா, எந்த நாள் விடுமுறை, உட்காரலாமா, படுக்கலாமா, கழிப்பறை உண்டா, குடிநீர் உண்டா, போய்ச்சேர எத்தனை நிமிடம் வெயிலில் நடக்க வேண்டும்.

முதலில் எல்லோரும் சொன்னது கோட்டை. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல் மண்டபங்கள் குளிர்ச்சியானவைதான். கனத்த கருங்கல் மெதுவாகச் சூடேறும், உயரமான கூரைக்குக் கீழே காற்று நகரும். ஆனால் பகலில் நடை சாத்திவிடுவார்கள். வெயில் உச்சிக்கு ஏறும் நேரமும் நடை சாத்தும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது யார் குற்றமும் இல்லை, எல்லாப் பெரிய கோயில்களிலும் இதே வழக்கம். பிராகாரத்தில் வெறுங்காலோடு நடக்கும்போது கல் பொசுக்கும். தேங்காய் நார் விரிப்பு போட்ட பாதையை விட்டு வயதானவர்கள் விலகக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்குக் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

கோட்டை வளாகத்தின் மற்ற பகுதி பெரும்பாலும் திறந்த வெளி. மரத்தடியில் இருக்கலாம், ஆனால் மர நிழலில் காற்றின் சூடு பெரிதாகக் குறைவதில்லை. நேர் வெயில் படாது, அவ்வளவே. 41 டிகிரிக் காற்றில் நிழலும் 41-க்குப் பக்கம்தான் இருக்கும். அகழி நீர் ஓரத்தில் குளுமை என்று நினைப்பதும் மாலைக்குத்தான் சரி. கோட்டையையும் அதை ஒட்டிய பூங்காவையும் பகல் பட்டியலிலிருந்து நீக்கி, மாலை ஐந்தரைக்கு மேல் என்று குறித்துக்கொண்டார்கள்.

மாவட்ட மைய நூலகம் எல்லா வகையிலும் நல்ல இடம்: கட்டடம், நாற்காலி, தண்ணீர், அமைதி. ஆனால் படுக்க முடியாது, நான்கு வயதுக் குழந்தை அங்கே ஐந்து மணி நேரம் சத்தம் போடாமல் இருக்காது, எழுத்துத் தெரியாத ஆயாவுக்கு அங்கே போய் உட்காரக் கூச்சம். கல்லூரிப் பிள்ளைகளுக்கும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும் அதைவிடச் சிறந்த இடம் இல்லை என்று தெருவில் அறிவித்தார்கள், இரண்டு பேர் போகத் தொடங்கினார்கள். பக்கத்துக் கிளை நூலகம் மதியம் மூடி மாலையில் திறப்பதால் பயன்படவில்லை.

பெரிய துணிக்கடைகளின் குளிரூட்டல் அரை மணி நேரத்துக்குச் சரி, அதற்கு மேல் நின்றால் கடைப் பையன் பின்னாலேயே வருவான். பேருந்து நிலையத்தில் நிழல் உண்டு, ஆனால் ஓடிக்கொண்டே நிற்கும் பேருந்து எஞ்சின்களின் சூடும் புகையும் சேரும். மருத்துவமனைக் காத்திருப்புக் கூடங்களை யாரோ சொன்னார்கள். செவிலியர் உடனே மறுத்துவிட்டார்: அங்கே இடம் நோயாளிகளுக்கே போதவில்லை, முதியவரையும் குழந்தையையும் வீணாகத் தொற்றுக்குள் உட்காரவைப்பது சரியல்ல.

ஏலகிரிக்கு அழைத்துப் போகலாம் என்ற யோசனையும் வந்தது. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், நிச்சயம் குளுமை. ஆனால் பேருந்து மாறிப் போகப் பாதி நாள், 14 கொண்டை ஊசி வளைவுகள், சாயங்காலம் இறங்கி வந்தால் மறுபடி அதே ஷீட் வீடு. அமிர்தி பக்கம்தான், ஏறத்தாழ 25 கிலோமீட்டர், ஆனால் மே மாதத்தில் அங்கே அருவியில் தண்ணீரை நம்பிப் போக முடியாது. ஒரு நாள் உல்லாசத்துக்கு இவை சரி. கத்திரி இருபத்தைந்து நாள் நீடிக்கிறது.

தெருமுனையில் இருந்த அரசுப் பள்ளியைப் பார்த்தபோதுதான் மனசு கனத்தது. வேப்ப மரங்கள், அகலமான தாழ்வாரம், கழிப்பறைகள், குடிநீர்த் தொட்டி, நடந்தால் மூன்று நிமிடம். திறந்திருக்கிறதா, எந்த நாள் விடுமுறை என்ற இரண்டு தவிர, கேட்ட மற்ற எல்லாக் கேள்விக்கும் பொருத்தமான ஒரே பொதுக் கட்டடம் அதுதான். கோடை விடுமுறை என்பதால் பூட்டியிருந்தது. அனுமதி யாரிடம் கேட்பது என்று விசாரித்து மனு கொடுத்து முடிப்பதற்குள் மே பாதி போய்விட்டது, பதில் வரவில்லை.

எடுத்த முடிவுகள்

தொலைவில் இருக்கும் அருமையான இடத்தைவிடப் பக்கத்தில் இருக்கும் சுமாரான இடமே மேல் என்று முடிவாயிற்று. ஆயாவின் நடைக்கு அரை கிலோமீட்டர் என்பது வெயிலில் பதினைந்து நிமிடம். போகும்போது ஏறும் சூட்டைப் போன இடம் தணிக்கவே ஒரு மணி நேரம் பிடிக்கும்.

ஆகவே முதல் இடம், நாற்பதடி தூரத்தில் இருந்த மாடிப்படி நடை. வீட்டுக்கார அம்மாவிடம் சுய உதவிக் குழுப் பொறுப்பாளர் பேசினார். அந்த அம்மாவின் தயக்கம் நியாயமானது: மதியம் சற்று கண்ணயரும் நேரம், ஆள் நடமாட்டம், கழிப்பறை. பேசி முடித்தது இதுதான்: ஆயாவும் பேத்தியும் மட்டும், காலை பதினொன்று முதல் மாலை ஐந்து வரை, வெளிப்பக்கக் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம், பீடி வேலை அங்கே கூடாது. மின்விசிறிக்காக மாதம் ஒரு சிறு தொகையைக் குழு கொடுத்தது. அவர் கேட்கவில்லை. கொடுத்ததால் ஆயா உரிமையோடு உட்கார்ந்தார், அது முக்கியம்.

இரண்டாவது இடம், ஏறத்தாழ முந்நூறு மீட்டரில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி நடக்கும் கீழ்த்தளம். மேலே முழுத் தளம் இருப்பதால் அங்கேயும் 34, 35-க்கு மேல் ஏறவில்லை. முகூர்த்தம் இல்லாத நாட்களில் காலியாகக் கிடந்தது. மின்சாரத்துக்கும் துப்புரவுக்கும் மட்டும் பணம் வாங்கிக்கொண்டு மேலாளர் சாவியைக் காவலாளியிடம் கொடுக்கச் சம்மதித்தார். இது மற்ற நான்கு வீட்டுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்.

மேற்கு வாசலில் சாயங்கால வெயில் நேராக அடிப்பதால் மாலை ஐந்து முதல் எட்டரை வரை வீடு இன்னும் கொதிக்கும். அந்த நேரத்துக்குக் கோட்டைப் பூங்கா. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால் செலவில்லை.

மருமகளின் வேலை நேரத்தை அதிகாலை நாலரையிலிருந்து பத்து வரையும், இரவு எட்டுக்கு மேல் இரண்டு மணி நேரமும் என்று பிரித்தார்கள். பீடிக் கணக்கு ஒப்படைப்பதை மாலையிலிருந்து மறுநாள் காலைக்கு மாற்றக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதல் இல்லாமல் இந்த ஏற்பாட்டில் மருமகளைச் சேர்த்திருக்கவே முடியாது. சமையல் காலை எட்டுக்குள் முடிந்தது. மதியத்துக்குப் பழைய சோறும் மோரும், கேழ்வரகுக் கூழ், கிடைத்தபோது நுங்கும் வெள்ளரிக்காயும்.

தண்ணீர், அரை மணிக்கு ஒரு டம்ளர். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது என்பதால் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாதபோது ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கண்ணளவில் போடக் கூடாது, கூடினால் கெடுதல். ரத்த அழுத்தம் உள்ள ஆயாவுக்கு இதைத் தினசரிப் பானமாகக் கொடுக்கவில்லை, தளர்ச்சி தெரிந்தால் மட்டுமே. போதுமான தண்ணீர் போகிறதா என்பதற்கு எளிய அளவுகோல் சிறுநீரின் நிறம்: வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும்.

கூரைக்குச் செய்தது

இடம் தேடிக்கொண்டிருந்தபோதே கூரையையும் கவனித்தார்கள். ஐந்து வீட்டுக்கும் சேர்த்து அறுநூறு சதுர அடிக்குச் சற்று மேல். 25 கிலோ சுட்ட சுண்ணாம்புக் கல்லை முந்தைய நாள் மாலை இரும்பு டிரம்மில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தார்கள். அது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, குழந்தைகளை அண்டவிடக் கூடாது. பிளாஸ்டிக் டிரம் இளகிவிடும். மறுநாள் துணியில் வடிகட்டி, மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசை இரண்டு கிலோ கலந்து, முதல் பூச்சை நீர்மோர் பதத்திலும் அடுத்த இரண்டைக் கொஞ்சம் கெட்டியாகவும் அடித்தார்கள். மாலை ஐந்துக்கு மேல்தான் பூச வேண்டும். சுடும் ஷீட்டில் அடித்தால் உடனே காய்ந்து, கைபட்டதும் மாவாக உதிரும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் இரண்டு எச்சரிக்கைகள். நேரடியாக மிதிக்கக் கூடாது, பழைய ஷீட் உடைந்து ஆள் உள்ளே விழுவது சாதாரணமாக நடக்கும் விபத்து. குறுக்குச் சட்டம் போகும் கோட்டின் மேல் பலகை போட்டு அதில்தான் நிற்க வேண்டும். பாசியையும் தூசியையும் கம்பித் தூரிகையால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது, கல்நார்த் துகள் மூச்சில் போகும். நன்றாக நனைத்து, தென்னந்துடைப்பத்தால் மெதுவாகத் தள்ளினால் போதும்.

உள்ளே, ஷீட்டுக்கு ஓர் அடி கீழே மூங்கில் பாயைக் கட்டி, இரு முனையிலும் இடைவெளி விட்டார்கள். பின்சுவரின் உச்சியில் வீட்டுக்காரர் சம்மதத்தோடு இரண்டு செங்கல்லை எடுத்ததும் பாய்க்கு மேலே தங்கும் சூடான காற்று வெளியேறியது. தெர்மாகோல் அடிக்கலாம் என்றார் ஒருவர். ஒரே அறையில் கேஸ் அடுப்பும் இருப்பதால் வேண்டாம் என்று விட்டார்கள்.

இதற்குப் பிறகு பகல் இரண்டு மணிக்கு அறை 38, 39. ஆயா தங்கும் அளவுக்கு அது போதாது. லாபம் மாலையில்தான் தெரிந்தது: ஒன்பதுக்கு ஆறிய அறை ஏழரைக்கே ஆறியது.

பின்னர் நடந்தவை

முதல் பத்து நாள் ஏற்பாடு பிசகவில்லை. ஆயா மதியம் தூங்கினார், தண்ணீர் குடித்தார், தலைசுற்றல் வரவில்லை. உலர்ந்த வெயில் என்பதால் ஈரத்துணி நன்றாக வேலை செய்தது. தோளில் ஈரத்துண்டு, மேலே விசிறி என்றால் சிறிது நேரத்திலேயே முகம் தெளிந்துவிடும். பக்கத்து வீட்டில் வாங்கிய ஏர் கூலர் முதலில் ஏமாற்றியது. ஜன்னலையும் கதவையும் மூடிக்கொண்டு ஓட்டினார்கள், அரை மணியில் அறை முழுக்க ஈரம் கட்டிப் புழுக்கம். அதன் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பி, எதிர்க் கதவைக் கையகலம் திறந்துவைத்ததும் சரியாயிற்று.

மே நடுவில் இரண்டு இடமும் ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. வைகாசி முகூர்த்தம் அடுத்தடுத்து வந்ததால் மண்டபம் கிடைக்கவில்லை. அதே கல்யாணங்களுக்கு வந்த உறவினர்கள் வீட்டுக்காரர் வீட்டில் தங்கியதால் மாடிப்படி நடையில் பெட்டியும் பாயும் ஆளும். ஒன்று போனால் இன்னொன்று என்று நினைத்து வைத்த இரண்டும் ஒரே காரணத்தால் விழுந்தன. அன்று ஆயாவையும் பேத்தியையும் ஆட்டோவில் கோட்டைக் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். நடை சாத்தியதும் வெளியே மரத்தடியில் மூன்று மணி நேரம். பேத்திக்கு இரவு காய்ச்சல் அடித்தது, மறுநாள் தணிந்தது.

அதற்கு மறுநாளே மூன்றாவது இடம் கிடைத்தது: இரண்டு தெரு தள்ளி ஒரு தர்கா. ஓடு வேய்ந்த தாழ்வாரம், முன்னால் வேம்பும் புங்கமும், கை கால் கழுவும் குழாய்கள், கழிப்பறை, நாள் முழுக்கத் திறந்த வாசல். தர்காவை நிர்வகிக்கும் முத்தவல்லியிடம் ஆசிரியர் போய்க் கேட்டபோது, "இதுக்குப் போய்க் கேக்கணுமா, பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க ஐயா" என்றார். பெண்கள் உட்காரும் பக்கம் தனியாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் மட்டும் கூட்டம். உண்மையில் முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய இடம். குளிர்ந்த இடம் என்றதும் கோட்டை, மால், நூலகம் என்றே எண்ணம் ஓடியதில் அது கண்ணில் படவில்லை.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை. விசிறி இல்லாமலும் மாடிப்படி நடை தாங்கியது. கூலரை நம்பியிருந்த வீடு தாங்கவில்லை, அவர்களும் தர்காவுக்கு வந்தார்கள்.

கத்திரி முடியும் முன்பு ஒரு கோடை மழை இடியோடு வந்தது. மறுநாள் சூடு நான்கைந்து டிகிரி குறைந்தது, ஆனால் ஈரக்காற்றில் வியர்வை காயவில்லை, ஈரத்துணி பலிக்கவில்லை. மழைக்குப் பிந்திய நாட்களில் வெப்பமானி குறைவாகக் காட்டுகிறது என்று தண்ணீரையும் ஓய்வையும் குறைக்கக் கூடாது. சுண்ணாம்புப் பூச்சும் ஆங்காங்கே கரைந்தது, ஒரு கோட் மேலே அடித்தார்கள்.

மே இறுதியில் நிலைமை இது: ஆயாவுக்கு மறுபடி மயக்கம் இல்லை, மருத்துவமனைச் சேர்க்கை இல்லை. மருமகள் முதல் வாரம் வழக்கத்தைவிடக் குறைவாகவே பீடி சுற்றினார், அதிகாலை பழகிய பிறகு எண்ணிக்கை ஏறத்தாழப் பழைய நிலைக்கு வந்தது. தூக்கம்தான் குறைந்தது. ஏற்பாட்டில் முழுக்க விடுபட்டவர் மகன். சென்ட்ரிங் வேலையில் பகல் முழுக்க வெயிலில் நின்று, ஒரு நாள் காலும் வயிறும் இழுத்துப் பிடித்து வீடு வந்தார். மேஸ்திரியிடம் பேசி, மேல்தளக் கம்பி வேலையை மட்டும் காலை ஆறிலிருந்து பதினொன்றுக்குள் முடிப்பது என்று ஆயிற்று. மற்ற வேலைகளுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டுக்கு மாற்றுபவை

கூரைச் சுண்ணாம்பு பங்குனியிலேயே. சித்திரை பிறந்த பிறகு ஏறினால் பூசுகிறவருக்கும் ஆபத்து, பூச்சும் நிற்காது.

பள்ளித் தாழ்வாரத்துக்கான மனு, பள்ளி நடந்துகொண்டிருக்கும் மார்ச் மாதத்திலேயே, தலைமை ஆசிரியர் கையில் நேராக. தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் ஆணையிட்டிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டு, கேட்பது சலுகை அல்ல, பேரிடர் முன்னேற்பாடு என்று எழுத வேண்டும். நேரம், பொறுப்பாளர், துப்புரவு யார் செய்வது என்ற மூன்றும் மனுவிலேயே இருந்தால் மறுக்க முகாந்திரம் குறையும்.

இடங்களை வரிசைப்படுத்தும்போது எது எந்தக் காரணத்தால் மூடும் என்றும் பக்கத்தில் எழுத வேண்டும். நாட்காட்டியை வைத்துக்கொண்டு முகூர்த்த நாட்கள், வெள்ளி மதியம், மின்தடை நாள், நூலக விடுமுறை எல்லாவற்றையும் ஒரே தாளில் குறித்தால், எந்த நாள் இரண்டு இடம் சேர்ந்து போகும் என்பது முன்பே தெரியும். அந்த நாட்களுக்குத் தர்கா தாழ்வாரம்.

மகனைப் போல வெளியில் வேலை செய்கிறவர்களுக்குத் தனிக் கணக்கு வேண்டும். வீட்டில் இருப்பவருக்குப் பொருந்தும் நேர அட்டவணை அவர்களுக்குப் பொருந்தாது. வேலைத் தளத்துக்குப் பக்கத்தில், பகல் பன்னிரண்டுக்கு ஒதுங்க, மேலே ஒரு தளம் உள்ள நிழல், குடத் தண்ணீர், ஈரத்துண்டு இந்த மூன்றையும் வேலை தொடங்கும் முதல் நாளே மேஸ்திரியிடம் கேட்டு வாங்க வேண்டும்.

லைன் வீட்டுக் கழிப்பறைகளில் ஒன்றைப் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை முதியவர்களுக்கென்று விடுவது என ஐந்து குடித்தனமும் ஜூன் மாதமே பேசி முடித்துவிட்டது. கதவில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இதற்குக் காசு எதுவும் செலவாகவில்லை.